யன்னலைத் திறந்தேன், கூரை எழும்பியது

"வெள்ளி, மாலை 5.20. சுழற்காற்று எச்சரிக்கை. யன்னல்களைத் திறக்கப் போகிறேன்." என் நாட்குறிப்பின் இந்த வரியே என் தவறுக்குச் சாட்சி. யன்னல்களைத் திறந்தால் உள்ளழுத்தம் குறைந்து கூரை தப்பும் என்று பழைய புத்தகமொன்றில் படித்திருந்தேன். கெல்சென்கிர்ச்சன் நகரில் நாங்கள் இருப்பது மரச்சட்ட வீடு.

"உங்கட படிப்பை விட்டிட்டு நிலவறைக்கு வாங்கோ," என்று மனைவி கீழிருந்து கத்தினாள். நான் மாடியில் கடைசி யன்னலைத் திறந்தேன். பாய்ந்து வந்த காற்றில் தலைக்கு மேலே ஆணிகள் கிறீச்சிட்டுக் கழன்றன. கூரையின் மூலை எழும்பி வானம் தெரிந்தது. படிகளில் உருண்டே இறங்கினேன்.

மேலே காற்று உறிஞ்ச, உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளியதால் கூரை கழன்றது என்று பழுதுபார்க்க வந்த தச்சர் விளக்கினார். "கேட்டியளே, புத்தக வாசகரே?" என்று மனைவி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

இப்போது எச்சரிக்கை வந்தால் யன்னல்களை நேரத்தோடு பூட்டிவிட்டு நிலவறைக்குப் போகிறேன். அன்று வந்தது சுழற்காற்றுத்தானா, வெறும் சூறைக்காற்றா என்பதை இன்னும் என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.