ஏலக்காய் வாசம் அடித்த கம்ப்யூட்டர்

போடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மலையேறி வந்து பார்க்கிறவள் சிவரஞ்சனி ஒருத்திதான். மற்றவர்கள், "பெட்டியக் கீழ கொண்டாங்க, பாப்போம்" என்பார்கள். ஏலத்தோட்டத்து வீட்டிலிருந்து அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போடிமெட்டு வளைவுகளிலெல்லாம் குலுங்கிக் குலுங்கி இறங்கினால், ஒரு கோளாறோடு கிளம்பினது மூன்று கோளாறோடு கடைக்கு வந்து சேரும். அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்வார்கள். ஜீப் ஓட்டிப் பிழைக்கிற எனக்கு இந்த மாதிரி ஆட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் நிற்காது. அதனால் சிவரஞ்சனியைப் பற்றியே சொல்கிறேன்.

போடிக்குப் பக்கத்தில் சிலமலை என்கிற ஊர்க்காரி. போடியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு டைப் அடிக்கத்தான் முதலில் வந்தாள். கடைக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் தேனியிலிருந்து ஆள் வர வேண்டும். அவர் வருகிற வரைக்கும் முதலாளி எல்லோர் மேலும் எரிந்து விழுவார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் இவளே திருப்புளியை எடுத்துத் திறந்துவிட்டாள். மறுபடி மூடும்போது ஒரு ஸ்க்ரூ மிஞ்சிப்போயிற்று, ஆனால் கம்ப்யூட்டர் ஓடியது. அந்த ஸ்க்ரூவை இன்னும் பைக்குள் வைத்திருக்கிறாள். கேட்டால், "அது எங்க உள்ளதுன்னு இன்னும் தெரியலண்ணே" என்று சிரிப்பாள். இப்போது சொந்தக் கடை இருக்கிறது. மேலே சோலி வந்தால் எனக்குத்தான் போன் வரும்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. போன வீட்டில் உடனே இயந்திரத்தைத் தொடமாட்டாள். "கடைசியா நல்லா ஓடுச்சுல்ல, அதுக்குப் பொறகு வீட்டுல என்னென்ன நடந்துச்சு?" என்று கேட்டபடி உட்கார்ந்துவிடுவாள். விருந்தாளி வந்தார்களா, எலி ஓடியதா, வெள்ளையடித்தார்களா என்று கதை கேட்பாள். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஜீப்பை வெளியில் நிறுத்திவிட்டு இவள் ஊர்க்கதை பேசுகிறாளே என்று பல்லைக் கடித்திருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் லிங்கேஸ்வரன் தோட்டத்திலிருந்து கூப்பிட்டார்கள். மெட்டுக்கு அந்தப் பக்கம், சரிவில் தனியாக நிற்கிற வீடு. செல்போனுக்குச் சிக்னல் வேண்டுமென்றால் வீட்டுக்கு மேலே இருக்கிற பாறைக்கு ஏற வேண்டும். நெட்டுக்கு ஒரு பழைய பெட்டி வைத்திருக்கிறார்கள். அது கம்பி வழியாகக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் கொடுக்கும். அன்று மத்தியானம் அவர் மகள் சுஜிதாவுக்கு ஒரு கம்பெனி இன்டர்வியூ, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முகம் காட்டிப் பேச வேண்டும். முன்னே ஒருமுறை இதே மாதிரி வந்த வாய்ப்பு, பாறை மேல் நின்று போனில் பேசும்போது பாதியில் அறுந்து போய்விட்டதாம். இதுவும் போனால் அவளுக்கு விடிவில்லை என்று அந்த வீடே நினைத்துக்கொண்டிருந்தது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் நெட் இல்லை.

நாங்கள் போனபோது லிங்கேஸ்வரன் வாசலிலேயே கத்திக்கொண்டிருந்தார். "எவனும் தொடல, எவனும் அசைக்கல. நேத்து நானும் எம்புள்ளையும் போடிக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிட்டு வந்தோம். வந்து பாத்தா இந்தக் கூத்து. எவன் கைய வச்சான்னு மட்டும் தெரியட்டும், பேசிக்கிறேன்."

அவர் மனைவி மொக்கம்மாள் எங்களுக்குக் கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தார். அதில் சர்க்கரை இல்லை. மகள் கவலையில் மறந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சிவரஞ்சனி நெட் பெட்டியைப் பார்த்தாள். விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தது. கீழேயிருந்து வருகிற இணைப்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கம்ப்யூட்டருக்குப் போகிற கம்பியை மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. "அப்ப கோளாறு கம்ப்யூட்டருக்குள்ளதேன்" என்று அணைத்து, ஒயர்களைக் கழற்றி, பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

திறந்தவள் அப்படியே குனிந்தபடி ஒரு நிமிடம் நின்றாள். நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளிருந்து சூடு பட்ட ஏலக்காய் வாசம் குப்பென்று வந்தது. அந்த வீட்டில் சுவரே ஏலக்காய் வாசம்தான் அடிக்கும், அவர்கள் மூக்குக்கு அது தெரியாது. கீழேயிருந்து வந்த எங்களுக்குத் தெரிந்தது.

அவள் நிமிர்ந்து, "மாமா, நீங்களும் சுஜிதாவும் பாறைக்குப் போயி, கம்பெனிக்குச் சித்த முன்னப்பின்ன ஆகலாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துருங்க" என்றாள். இருவரும் குடையை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஜீப் டிரைவரை யாரும் ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதிலும் ஒரு சௌகரியம் உண்டு.

"அத்த, இது எம்புட்டு நேரம் ஸ்டோருல இருந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள் சிவரஞ்சனி.

ஸ்டோர் என்றால் ஏலக்காய் காயவைக்கிற அறை. அடுப்பு எரித்துக் குழாய் வழியாகச் சூடு விடுவார்கள். மழைக்காலத்தில் மலையில் எல்லாம் பூஞ்சை பூத்துப்போகும். துணி, செருப்பு, தீப்பெட்டி, பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டுகூட. எது நமத்தாலும் பெண்கள் கொண்டுபோய் ஸ்டோரில் வைத்து எடுப்பார்கள்.

மொக்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "பெட்டி மேல வெள்ளையா பூத்துருந்துச்சு தாயி. நாளைக்குப் புள்ள பேசப்போற நேரத்துல மக்கர் பண்ணிருமோன்னு பயந்து, ஒயரப் புடுங்கி, தலையில வச்சுத் தூக்கிட்டுப் போனேன். அடுப்பு தணிஞ்சு கெடந்துச்சு, இளஞ்சூடுதேன். பொழுது சாயுறதுக்குள்ள கொண்டாந்து இருந்தது மாதிரியே மாட்டிட்டேன். நானே எம்புள்ள சோத்துல மண்ணப் போட்டுட்டேனா?"

"இளஞ்சூடுன்னு சொன்னீகல்ல, அது போதும் அத்த. அது தெரியாமத்தேன் யோசிச்சேன். கொதிக்கிற சூட்டுல இருந்து பனிக்குள்ள கொண்டாந்திருந்தா உள்ள தண்ணி கோத்திருக்கும், கரண்ட்டு குடுத்தா புகைஞ்சிரும். இதுக்கு அந்தப் பயம் இல்ல."

முன்னொரு இடியில் அந்தக் கம்ப்யூட்டரில் நெட் கம்பி சொருகுகிற ஓட்டை எரிந்துபோய், பதிலுக்கு ஒரு நெட் கார்டு வாங்கி உள்ளே சொருகியிருந்தார்கள். சரிவில் தூக்கிப்போன ஆட்டத்தில் அது இடத்தைவிட்டு எழும்பியிருந்தது. எழும்பின சந்துக்குள் ஏலக்காய்ச் சருகு ஒன்று போய் உட்கார்ந்திருந்தது. சிவரஞ்சனி கார்டைப் பிடுங்கி, சருகைத் தட்டி, கார்டின் பல்லை ரப்பரால் தேய்த்து, மறுபடி அழுத்திச் சொருகினாள். மூடி, ஸ்விட்சைப் போட்டதும் நெட் வந்துவிட்டது. நான் சாயாவைக்கூடக் குடித்து முடிக்கவில்லை.

பாறையிலிருந்து திரும்பிய லிங்கேஸ்வரன், "என்ன கோளாறு? எவன் பாத்த வேல?" என்றார்.

"கார்டு எழும்பியிருந்துச்சு மாமா, அமுக்கி விட்டேன்" என்றாள். அது முழுப் பொய்யும் இல்லை. அதற்கு மேல் அவர் எவ்வளவு கிண்டியும் அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

சுஜிதா உள்ளே உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். மேகம் கறுத்ததைப் பார்த்து, சிவரஞ்சனி முன்னாலேயே சுவர் பிளக்கைப் பிடுங்கி, எல்லாவற்றையும் யுபிஎஸ் பேட்டரியில் ஓடவிட்டிருந்தாள். பாதிப் பேச்சில் இடி இடித்தது. மலை வீடுகளில் இடி கேட்டால் ஒயரைப் பிடுங்குவது கை தானாகச் செய்கிற வேலை. லிங்கேஸ்வரன் களத்திலிருந்து ஓடிவந்தார். மொக்கம்மாள் அறை வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார்.

"உள்ள போகாதீங்க. செவத்துப் பிளக்க அப்பயே புடுங்கியாச்சு. நேத்து இதப் புடுங்கி ஸ்டோருல கொண்டுபோயி வச்சது நாந்தேன். திட்டுறதா இருந்தா என்னையத் திட்டுங்க. அவ பேசி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரையும் விடமாட்டேன்."

அந்த அம்மாள் அவரை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததேயில்லை. லிங்கேஸ்வரன் மூச்சு வாங்க நின்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"போன வருசம் என் போனு தண்ணிக்குள்ள விழுந்து போச்சுன்னு சொன்னேன்ல. விழுகல. நமத்துப் போச்சேன்னு நாந்தேன் ஸ்டோருல தட்டுல வச்சேன். அன்னைக்கு அடுப்பு நல்லா எரிஞ்சிச்சு."

மொக்கம்மாள் அவரைப் பார்த்தார். அப்புறம் சிவரஞ்சனி பக்கம் திரும்பி, "அந்தப் போன ஒங்கடைக்குத்தானே கொண்டாந்தாரு?" என்றார். சிவரஞ்சனி தலையை நிமிர்த்தாமல் பழைய கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே சுஜிதாவின் குரல் தடையில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

இறங்கும்போது ஜீப்பில் கேட்டேன். "அந்த மனுசன் காலையில இருந்து அம்புட்டுச் சத்தம் போட்டாரு. அந்தப் போனு கதைய ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பயே அடங்கியிருப்பாருல்ல?"

"சொல்லியிருந்தா, அடுத்த தடவ ரெண்டு பேருமே எங்கிட்ட உள்ளதச் சொல்லமாட்டாகண்ணே. சொல்லலேன்னா நான் எப்படிச் சரிபண்றது?"

சுஜிதாவுக்கு அந்த வேலை கிடைத்தது. இப்போதும் மழை பிடித்தால் மொக்கம்மாள் பாறைக்கு ஏறிச் சிவரஞ்சனிக்குப் போன் போடுகிறாராம், ஒரு பொருளை ஸ்டோரில் வைப்பதற்கு முன்னால்.