தம்பிக்கு இரண்டாந்தரம் கொடுத்த அணுக்கள்

என் எலும்பு மஜ்ஜையைத் தம்பிக்கு ஏற்றி ஒரு வருடம் முடியுமுன்னரே இரத்தப் புற்றுநோய் அவனுக்குத் திரும்பிவிட்டது. கொழும்பிலிருந்து அவனே தொலைபேசியில் சொன்னான். நெடுந்தீவில் நான் அப்போது மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். பட்டதெல்லாம் எதற்கு என்ற கோபம்.

இம்முறை மஜ்ஜை தேவையில்லை, என் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் மட்டும் போதும் என்றார் மருத்துவர். அவை நோய் அணுக்களை அந்நியமென்று கண்டு அழிக்குமாம். தம்பியின் தோலையும் குடலையும் சேர்த்துத் தாக்கவும் கூடுமாம்.

போக வேண்டிய கிழமையில் சோளகக் காற்று எழும்பிப் படகை நிறுத்திவிட்டது. இறங்குதுறைக்குப் போவதும் திரும்புவதுமாக நாள்கள் கழிந்தன. சின்னம்மா வேறு, என் இரத்தத்தில்தான் ஏதோ பிழை, விரதம் பிடி என்றாள். ஒருவழியாகக் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தால் எனக்குக் காய்ச்சல். இந்த நிலையில் அணுக்களை எடுக்க முடியாது என்றாள் யாழ்ப்பாணத்துத் தாதி ஒருத்தி.

"தங்கச்சி, நான் கடல் கடந்து வந்தனான்," என்றேன்.

"விளங்குது அக்கா. உங்கட கிருமி அவருக்குப் போனால் அவரால தாங்க ஏலாது."

அவள் சொன்னது சரி. அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

காய்ச்சல் விட்டபின் இரண்டு கைகளிலும் ஊசி குத்தி இயந்திரத்தோடு இணைத்தார்கள். உதடு விறுவிறுத்தது. மூக்கு அரித்தால் சொறியவும் வழியில்லை. கிடைத்தது ஒரு சிறிய பை. அது தம்பிக்குள் இறங்கி முடிய அதிக நேரம் எடுக்கவில்லை. வாரக்கணக்கில் காத்திருந்து சோதித்தபோது நோய் அப்படியே இருந்தது. மறுபடியும் என்னிடமிருந்து எடுத்து, முன்னதைவிடக் கூடுதலாக ஏற்றினார்கள்.

பிறகு அவன் உடம்பெல்லாம் சிவந்து தோல் உரிந்தது. வயிற்றோட்டம் நிற்கவேயில்லை. அணுக்கள் வேலையைத் தொடங்கிவிட்டன என்று மருத்துவர் சற்றுத் தெம்பாகச் சொன்னார். படுக்கையில் சுருண்டு கிடந்தவனைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சந்தோஷப்படுவது? அந்தத் தாக்குதலை மருந்தால் அடக்கவும் வேண்டும். அளவுக்கு மீறி அடக்கினால் நோய் தலைதூக்கும். எதைச் செய்தாலும் அடி அவனுக்குத்தான்.

"அக்கா, நீ ஆரோடயும் ஒத்துப்போகமாட்டாய்," என்றான் தம்பி. "உன்ர அணுவும் அப்பிடித்தான்."

அவனுக்கு முன்னால் நான் அழுதது அன்றைக்கு மட்டும்தான்.

கடைசிச் சோதனையில் நோய் தெரியவில்லை. ஆனால் அவன் விரல்கள் இறுகிப்போய்ச் சட்டைப் பொத்தானைப் பூட்ட மறுக்கின்றன. ஊருக்கு வரவும் இன்னும் அனுமதியில்லை. நோய் இனித் திரும்பி வராதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன். பார்ப்போம் என்கிறார் மருத்துவர். போன தடவை அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பின்னால் வந்த தம்பி, பசிக்கிறது என்றான். அவனுக்கு ஒத்துக்கொள்ளும் சாப்பாடு தேடி இரண்டு பேரும் நடந்தோம்.