வெள்ளம் கேட்ட ராஜா

போன வாரம் என் கணவர் திருநெல்வேலியில் செத்துப்போனார்.

பதறாதீர்கள்! மேடையில்தான்.

அங்கே ஒரு சபாக்காரர்கள் கோடை நாடக விழா வைத்தார்கள். பாறசாலையிலிருந்து எங்கள் சர்ச் நாடகக் குழுவையும் கூப்பிட்டிருந்தார்கள். ராஜா வேஷம் என் கணவருக்கு. மற்ற நாட்களில் ஸ்கூல் வாத்தியார். சேனாதிபதி வேஷம் என் அண்ணன் மாசிலாமணிக்கு. அமரவிளையில் வாழைக்குலை வியாபாரம். மறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பது நான்.

இதில் ஒரே ஒரு சிக்கல். ராஜாவுக்கும் சேனாதிபதிக்கும் ஒன்பது மாதமாகப் பேச்சு கிடையாது.

காரணம்? வேறென்ன, எல்லைதான்! மலையாள ராஜ்யத்தில் கிடக்கும் எங்கள் தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்பது வாத்தியாரின் கட்சி. அண்ணனுக்கோ குலை முழுவதும் திருவனந்தபுரம் சந்தைக்குப் போகிறது. “கெடக்க எடத்துல கெடந்தா என்ன கேடு?” என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். அப்போதெல்லாம் அது சண்டை இல்லை, பொழுதுபோக்கு.

போன வருஷம் ஊர்வலத்துக்குப் போன வாத்தியார் போலீஸிடம் தோளில் அடிவாங்கிப் படுத்துவிட்டார். ஊரே வந்து பார்த்தது. அண்ணன் மட்டும் வரவில்லை. யாரிடமோ ஒரு குலை பழம் கொடுத்தனுப்பினார். வாத்தியார் அதை அப்படியே திருப்பி அனுப்பினார்.

முடிந்தது கதை.

நாடகத்தை மட்டும் இரண்டு பேரும் விடவில்லை. போதகர் சொன்னார் என்பது சாக்கு. கிரீடத்தை இவரும் தாடியை அவரும் வேறு யாருக்கு விட்டுக்கொடுப்பார்கள்? ஆனால் ரிகர்சலைப் பார்க்க வேண்டுமே... கடைசிக் காட்சியில் ராஜா சேனாதிபதியின் மடியில் தலைவைத்து உயிர்விட வேண்டும். அண்ணன் மடி கொடுக்க மாட்டார். தலையை ஒரு சாண் உயரத்தில் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருப்பார் — பலாப்பழம் மாதிரி!

திருவனந்தபுரத்தில் ரயில் ஏறினோம். எட்டுப் பேர், இரண்டு டிரங்குப் பெட்டி, நான்கு மரவாள். எனக்கு இந்தப் பக்கம் வாத்தியார், அந்தப் பக்கம் அண்ணன். கொல்லம் தாண்டியதும் சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்தோம்.

“எட்டி, மரச்சீனிக் கிழங்கு மிச்சம் உண்டு. வேணுமான்னு கேளு” என்றார் அண்ணன்.

“வேண்டாம்னு சொல்லு” என்றார் வாத்தியார்.

இரண்டு பேருக்கும் நடுவே இருந்த தூரம் நான்தான். நானே தின்றேன்.

மலைக்குகைக்குள் ரயில் நுழைந்ததும் கம்பார்ட்மென்ட் இருண்டது. எனக்கு ஒரு நப்பாசை. முகம்தான் தெரியவில்லையே, இந்த இருட்டிலாவது ஒரு வார்த்தை பேசிவிட மாட்டார்களா? காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் வந்தபோது ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திருநெல்வேலி வெயிலைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? சாயங்காலத்திலும் மேடைத் தட்டி அனலாக இருந்தது. அந்த அனலில் வெல்வெட் அங்கி, கவசம், கிரீடம். வாத்தியார் முக்கால் மணி நேரம் வாள் வீசினார். கடைசிக் காட்சி வந்தது. சரிந்து விழுந்தார். சேனாதிபதி ஓடிவந்து வழக்கம்போலத் தலையைத் தாங்கினார்.

“தாகத்தால் நா வறள்கிறது... ஒரு துளி தண்ணீர்...” — இதுதான் வசனம். எழுதியவரே வாத்தியார்தான்.

ஆனால் அன்று அவருக்கு நிஜமாகவே நா வறண்டிருந்தது. வாயில் வந்தது என்ன தெரியுமா?

“இத்திரி... வெள்ளம்...”

இத்திரி என்றால் கொஞ்சம்; வெள்ளம் என்பது எங்கள் ஊரில் தண்ணீருக்குப் பேர். திருநெல்வேலியில் வெள்ளம் என்றால் ஆறு கரை உடைத்துக்கொண்டு வருவது அல்லவா!

கொட்டகை குலுங்கியது. “ராசாவுக்கு வெள்ளம் வேணுமாம்! தாமிரபரணியத் திறந்து விடுங்கலே!” என்றது ஒரு குரல். “மலையாளத்தான்லா... தமிழ் இம்புட்டு வந்ததே பெருசு!” என்றது இன்னொன்று.

வாத்தியாரின் முகத்தைப் பார்த்தேன். லத்தியடி பட்ட அன்றுகூட அந்த முகம் அப்படி இருந்ததில்லை.

சட்டென்று சேனாதிபதி எழுந்தார்.

“எவம்லே மலையாளத்தான்னு பறஞ்சது? எழும்பி வாலே!”

இந்த வசனம் என் நோட்டில் இல்லை.

“இது எனக்க மச்சினனாக்கும்! தமிழு தமிழுன்னு சொல்லி லத்தியடி வாங்கின ஆளாக்கும்! மூணு வாரம் வலது கை பொங்கல்ல. பிள்ளையளுக்க பரீட்சப் பேப்பரை எடது கையால திருத்தினாரு. நீ தமிழுக்காக ஒரு கொசுக்கடி வாங்கினது உண்டாலே?”

குரல் கொடுத்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வந்து எட்டிப்பார்க்காத மனுஷன்... மூன்று வாரம், தூக்க முடியாத வலது கை, இடது கையால் திருத்திய பரீட்சைப் பேப்பர்... யாரிடம் விசாரித்தார்? எத்தனை தடவை விசாரித்தார்?

அப்போதுதான் கீழேயிருந்து ஒரு முனகல்.

“மச்சான்... மண்டை!”

அண்ணன் எழுந்த வேகத்தில் ராஜாவின் தலை பலகையில் ‘ணங்’ என்று மோதியிருக்கிறது! ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவர் அண்ணனிடம் பேசிய முதல் இரண்டு வார்த்தைகள் அவை.

“ஐயோ மக்கா!” என்று அண்ணன் உட்கார்ந்து, தலையை அள்ளி மடியில் வைத்துக்கொண்டார். நிஜமான மடி. தாடி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, யாரையும் கேட்காமல் ஒரு செம்புத் தண்ணீரை மேடைக்கு நீட்டினார். அண்ணன் வாங்கிப் புகட்டினார். வாத்தியார் முழுச் செம்பையும் குடித்துவிட்டுத்தான் செத்தார்.

கைதட்டலுக்குக் குறைச்சல் இல்லை. பரிசு? அதெல்லாம் கேட்கக் கூடாது.

திரும்பி வரும்போது ரயிலில் இரண்டு பேரும் பேசினார்கள். பேசினார்கள் என்றால்... செங்கோட்டையில் ஆரம்பித்த சண்டை திருவனந்தபுரம் வரை ஓயவில்லை. எல்லைக் கமிஷன், தாலுகா, சென்னை, சந்தை! பக்கத்து சீட்டுக்காரர் அடுத்த கம்பார்ட்மென்ட்டுக்கே போய்விட்டார். ஊர் பஸ்ஸில் ஏறியும் விடவில்லை. நெய்யாற்றின்கரை தாண்டும்போது அண்ணன் குரல் கொஞ்சம் இறங்கியது.

“செரி, நீங்க அங்க போயிருவீய. நடுவுல செக்போஸ்ட் வரும். எனக்க தங்கச்சியப் பாக்க வாறதுக்கு நான் எவங்கிட்ட பாஸ் கேட்டு நிக்கணும்?”

வாத்தியார் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“என்ன மச்சான் இப்படிக் கேக்குதிய? அமரவிளையும் சேத்துத்தான கேக்கோம். உங்கள விட்டுட்டு நாங்க மட்டும் எங்க போவோம்?”

அண்ணன் வெளியே திரும்பிக்கொண்டு வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். கேட்டால், எஞ்சின் கரி விழுந்துவிட்டதாம்.

ரயிலை விட்டு இறங்கி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது!