காலி வண்டியில் ஏறுகிறவள்

“உக்காந்திருக்கறதே தெரியலைங்க” என்று மனைவி சொன்னபோது கேன்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே. அப்படியே நின்றார்.

“எதுல?”

“தம்பியோட புது வண்டியிலதான். வேலை முடிஞ்சு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேனா, மருந்துப் பெட்டியெல்லாம் இறக்கிட்டு வந்தாரு. ‘ஏறுங்க அண்ணி, அந்தப் பக்கம்தானே போறேன்’னாரு. ஏறினேன், வீடு வந்துடுச்சு. நடுவுல ரோடுன்னு ஒண்ணு இருந்துச்சான்னே தெரியல.”

தம்பி என்று அவள் சொன்னது தன் தங்கையின் கணவரை. கேன்காரருக்குச் சகலை. எட்டு வயது இளையவர், எதற்கும் சிரிக்கிறவர். மருந்து மொத்த வியாபாரியிடம் சேர்ந்து, போன மாதம்தான் வெள்ளை நிறத்தில் புது பிக்கப் வாங்கியிருந்தார்.

“புது வண்டின்னா அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு கேன்காரர் மற்றக் கையையும் உருவினார். அன்று குழம்பில் உப்பு அதிகம் என்றார். அது சரியாகத்தான் இருந்தது.

குடிதண்ணீர் கேன் போடுவது அவர் தொழில். முதலில் மூன்று சக்கர சைக்கிளில் போட்டார். முழங்கால் தேய்ந்த பிறகு, யாரோ ஓட்டிக் கழித்த பிக்கப்பை வாங்கினார். அது ஆயிற்று பதினெட்டு வருடம். காலையில் ஐம்பது கேன் ஏற்றுவார், ஒரு டன். சாயங்காலம் காலி கேன்களோடு திரும்பும்போது ஆஸ்பத்திரி வாசலில் மனைவியை ஏற்றிக்கொள்வார். அவளுக்கு அங்கே சலவைப் பிரிவில் வேலை. நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்பு மடித்துவிட்டு வருகிறவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டிருக்கும். அவருடைய பக்கத்து இருக்கையில் அவளைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. அவளுக்கும் வேறு வண்டியில் இருக்கை இருந்ததில்லை, அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

அவளுக்கு ஐந்து மணிக்கு வேலை முடியும். அவர் வந்து சேர ஐந்தரை, சில நாள் ஆறுகூட ஆகும். சகலைக்குச் சரியாக ஐந்து மணிக்கு அங்கே வேலை. அந்த வாரத்தில் மூன்று நாள் அவள் வெள்ளை வண்டியில் வந்தாள். அடுத்த வாரம் ஐந்து நாளும். வேண்டாமென்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அரை மணி நேரம் வாசலில் நிற்கச் சொல்ல முடியுமா? சகலை தப்பான ஆளும் இல்லை. அவர் தப்பான ஆளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்றுகூட ஒரு நாள் கேன் இறக்கும்போது நினைத்துப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனி வீட்டுக்குப் போனார்கள். சகலை சாவியை நீட்டினார்.

“ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கண்ணே. நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்.”

ஓட்டினார். கதவைச் சாத்தியதும் வந்த சத்தமே அவரைக் குத்தியது. மெத்தென்று, தலையணையில் தலை வைத்தாற்போல ஒரு சத்தம். அவர் வண்டிக் கதவை இரண்டு முறை அறைய வேண்டும், அதுவும் அண்டை வீட்டில் சண்டையோ என்று எட்டிப் பார்க்கும் அளவுக்கு. கியர் விரலுக்கு வந்தது. ஸ்டீயரிங் நினைத்த இடத்துக்குத் திரும்பியது. பள்ளத்தில் வேண்டுமென்றே விட்டுப் பார்த்தார். வண்டி ஏதோ பேசிக்கொண்டே இறங்கி ஏறுவதுபோலக் கடந்தது.

“எப்படிண்ணே?”

“பரவாயில்ல. டம்ளர் வைக்கற இடம்தான் கொஞ்சம் சின்னதா இருக்கு.”

“அண்ணனுக்கு எப்பவும் நக்கல்தான்” என்று சகலை சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. அது நக்கல் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாளே கேன்காரரின் வண்டி பட்டறையில் நின்றது. பட்டறைக்காரர் இவருக்குப் பழைய பழக்கம். வண்டியின் முன் முனையில் ஏறி நின்று ஓர் அழுத்து அழுத்திவிட்டு இறங்கினார். வண்டி மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருந்தது.

“பாத்தீங்களா? ஒரு ஆட்டத்துல நிக்கணும். இது ஆமா ஆமான்னு தலையாட்டிக்கிட்டே இருக்கு, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. ஷாக் அப்சார்பர் நாலும் செத்துப் போச்சு.”

“மாத்துங்க.”

“இத்தனை வருஷம் கழிச்சு என்ன திடீர்னு? யாருக்கு முதுகு வலி?”

“எனக்குத்தான்” என்றார் கேன்காரர்.

ஷாக் மாற்றியாயிற்று. மூட்டுகளில் தேய்ந்துபோன ரப்பர் புஷ்களைத் தட்டி எடுத்துப் புதியவை போட்டாயிற்று. ஸ்டீயரிங்கில் கால் சுற்று வெறும் ஆட்டமாகவே போய்க்கொண்டிருந்தது. அதை இறுக்கிய அன்று, பதினெட்டு வருடப் பழக்கத்தில் முன்கூட்டியே ஒடித்துவிட்டார். வண்டி சொன்ன பேச்சை உடனே கேட்டுப் பால் கடை ஓரமாக ஏறி நின்றது. கடைக்காரர் பால் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். “என்ன கேன்காரரே, கண்ணு தெரியலையா?” “வண்டிக்குக் காது கேக்க ஆரம்பிச்சிடுச்சு” என்றார் இவர்.

இரண்டாவது கியரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்ததும் சரியாயிற்று. இன்ஜினைத் தாங்கும் ரப்பர்கள் மாறியதில் கண்ணாடி நடுங்குவது நின்றது. கதவுகளுக்கு ரப்பர் பட்டி ஒட்டினார். பக்கத்து இருக்கைக்குப் புது ஃபோம் போட்டார். தன் இருக்கைக்குப் போடவில்லை.

ஒவ்வொன்றையும் செய்த மறுநாள் காலை, ஐம்பது கேன் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்ப்பார். நன்றாகவே இருந்தது. ஒரே ஒரு குறை. பெரிய பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் ‘தொம்’ என்று இடித்தது. பின் சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக வளைந்திருக்கும் இரும்புப் பட்டைகள் பாரம் தாங்காமல் படிந்துவிட்டன. ஏற்கெனவே ஒரு பட்டை கூடுதலாக இருந்தது. பக்கத்துக்கு இன்னொன்று வைத்துக் கட்டச் சொன்னார்.

“பாரத்துக்கு நல்லா இருக்கும்” என்றார் பட்டறைக்காரர். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அந்தப் பள்ளத்தில் வண்டி கேன்களோடு இறங்கியது. தொட்டில்தான். கேன்காரர் தனக்குத் தானே சிரித்துக்கொண்டார். வெள்ளை வண்டி என்ன பெரிய வெள்ளை வண்டி.

அன்று சாயங்காலம் இரண்டு கடைகளுக்கு நாளைக்கு என்று சொல்லிவிட்டு, நாலே முக்காலுக்கே ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றார்.

“அட, சீக்கிரம் வந்துட்டீங்க” என்றாள். புது ஃபோமைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை அவர் ஓரக்கண்ணால் பார்த்துச் சேமித்துக்கொண்டார்.

முதல் வேகத்தடையிலேயே அவள் கைப்பிடியைப் பிடித்தாள். இரண்டாவதில் பின்னால் காலி கேன்கள் அத்தனையும் குதித்து விழுந்தன. மூன்றாவதில் அவள் தலை கூரையில் இடித்தது.

“எப்படி இருக்கு?” என்றார்.

“என்ன பண்ணி வச்சிருக்கீங்க? முன்னாடியே தேவலாமே.”

“ஏய், இருபது நாளா பட்டறையில கிடந்திருக்கேன்.”

“அதுக்கு நான் என்ன பண்றது? முதுகு விண்ணு விண்ணுன்னுது. பொய் சொல்லவா?”

“இதே ரோடு, இதே பள்ளம். காலையில வெண்ணெய் மாதிரி வந்துச்சு. நீ ஏறினா மட்டும் இடிக்குதா?”

“நான் ஏறினா இடிக்குது.”

“உனக்கு அவன் வண்டியில ஏறினாத்தான் முதுகு வலிக்காது. சொல்லிடு.”

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாளிலிருந்து வெள்ளை வண்டியில்தான் வந்தாள். வழியில் என்ன பேசினார்கள் என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு மேசைக்கு வந்தது, பேச்சு வரவில்லை. அதை அப்படியே விட்டுவிடுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் அவர் கேன்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் ஓடியது ஒன்றுதான்: வண்டி நன்றாக இருக்கிறது, அவள் வேண்டுமென்றே சொல்கிறாள்.

அதை நிரூபித்துவிடுவது என்று முடிவு செய்தார். புதன்கிழமை அவளுக்கு விடுமுறை.

“காலையில ஒரு நடை என்கூட வா.”

“எதுக்கு?”

“வந்து பொய் சொல்லு, நான் பாக்கறேன்.”

“வரேன். அப்புறம் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது” என்றாள்.

தண்ணீர் நிரப்பும் நிலையத்திலிருந்து ஐம்பது கேனோடு கிளம்பினார்கள். அவள் ஏறும்போதே கைப்பிடியைப் பிடித்திருந்தாள். முதல் வேகத்தடை வந்தது, போயிற்று. அவள் பிடி தளர்ந்தது. பெரிய பள்ளத்தில் வண்டி மெதுவாக அமிழ்ந்து எழுந்தது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“சொல்லு இப்ப” என்றார். குரலில் வெற்றி வழிந்தது.

அவள் திரும்பிப் பின்பக்கக் கண்ணாடி வழியே நீல நிறக் கேன்களைப் பார்த்தாள்.

“இது அந்த வண்டியே இல்லைங்க.”

“அதே வண்டிதான். பொய் வெளிய வருதா?”

“இருங்க. எங்க சலவை மெஷின் இருக்கே, பெரிசு, அதுல நாலு விரிப்பை மட்டும் போட்டுச் சுத்தவிட்டா என்ன ஆகும் தெரியுமா? தரையை விட்டு எழும்பி நடக்கும். ஒருநாள் கதவு வரைக்கும் வந்துடுச்சு. நிறையப் போட்டா கம்முனு நிக்கும். புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு நாங்க முதல்ல சொல்றதே அதைத்தான். நீங்க என்னை ஏத்தறப்ப பின்னால என்ன இருக்கும்?”

“காலி கேன்.”

“பதினெட்டு வருஷமா?”

கேன்காரர் வண்டியை ஓரம் கட்டினார். காலி வண்டி குதிக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தினம் சாயங்காலம் அவரும் அதில்தான் வருகிறார். ஆனால் அதை ஒரு குறையாக அவர் நினைத்ததே இல்லை. மழை பெய்தால் நனைவதுபோல, காலி வண்டி குதிக்கத்தான் செய்யும். கையில் ஸ்டீயரிங் இருக்கிறது, பள்ளம் வருவது முன்னால் தெரிகிறது, உடம்பு தன்னால் தயாராகிவிடும். வண்டி என்று அவர் நினைத்ததெல்லாம் காலை வண்டியை. அவள் அதில் ஒரு நாளும் ஏறியதில்லை. இந்த இருபது நாளும் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் தண்ணீருக்காக. கடைசியாக வைத்த பட்டை, பாரம் இல்லாவிட்டால் வளையாத பட்டை, அவள் முதுகில் வைத்தது.

“அன்னிக்கு நான் சொன்னது...” என்று ஆரம்பித்தார்.

“அது வேற. அதை இதுல சேக்காதீங்க” என்றாள். “முதல்ல வண்டியை எடுங்க, கடைக்காரர் போன் பண்றாரு.”

பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “முதுகு வலி உங்களுக்குன்னுதானே சொன்னீங்க! பக்கத்துல ஆள் உக்காருவாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பட்டையைக் கையாலயே தொட்டிருக்க மாட்டேனே. சரி, புதுசையும் எடுக்கறேன், பழைய கூடுதலையும் எடுக்கறேன். ஆனா ஐம்பது ஏத்த முடியாது. நாப்பதுதான்.”

ஐம்பது என்பது அவருக்கு வெறும் எண்ணிக்கை இல்லை. தண்ணீர் நிலையத்தில் அவ்வளவு ஏற்றுகிற ஒரே பிக்கப் அவருடையது. மற்ற வண்டிக்காரர்கள் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். பட்டறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். சகலை கதவைத் திறந்துவிட்டு “ஏறுங்க அண்ணி” என்று சொல்வது கண்ணுக்கு முன்னால் வந்தது.

“எடுங்க” என்றார்.

நாற்பது கேன் ஆனபிறகு மத்தியானம் இன்னொரு நடை போக வேண்டியிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போடும் குட்டித் தூக்கம் போயிற்று. மறுநாள் காலைக் கடைகளுக்கான பத்து கேனைச் சாயங்காலமே நிரப்பிப் பின் அச்சுக்கு மேலாக அடுக்கிக் கயிறு கட்டினார். பின் சக்கரங்களில் காற்றையும் பாரத்துக்கேற்பக் குறைத்தார். பிறகு பட்டறைக்காரரை ஓட்டச் சொல்லி, தான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார், பள்ளம் தெரியக் கூடாது என்று. “தியானமா?” என்றார் பட்டறைக்காரர்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு வண்டிகளும் நின்றன. சகலை கதவைத் திறந்து வைத்திருந்தார். கேன்காரர் இறங்கவில்லை, கூப்பிடவில்லை. புதன்கிழமைக்குப் பிறகும் அவள் அவரிடம் வேண்டியதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பையோடு வெளியே வந்தவள் இரண்டு வண்டியையும் பார்த்தாள். வெள்ளை வண்டிக்குப் போய் ஏதோ சொன்னாள். சகலை சிரித்தார். பிறகு இங்கே வந்து ஏறி, கதவை ஒரே முறை சாத்தினாள்.

முதல் வேகத்தடை. அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, கைப்பிடியைப் பார்த்தார். அவள் கை அங்கே போகவில்லை. இரண்டாவது, மூன்றாவது. பின்னால் தண்ணீர் ஒருமுறை குலுங்கி அடங்கியது.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு.”

“அவர் வண்டி மாதிரி இருக்கா?”

“இல்ல.”

அவர் கியரை மாற்றினார்.

“அதுல ஏசி இருக்கு” என்றாள். “இந்தக் கேள்வியைக் கேக்காம இருந்தா நாளைக்கும் வருவேன். கேட்டா அதுல போயிடுவேன். நல்லா யோசிச்சுக்குங்க.”

“கேக்கல.”

“அவர்கிட்ட என்ன சொன்னேன்னும் கேக்கக் கூடாது.”

நாக்கு நுனியில் இருந்ததை விழுங்கிக்கொண்டார். பக்கக் கண்ணாடியில் வெள்ளை வண்டி பின்னாலேயே வருவது தெரிந்தது. முந்துவதற்கு ஒதுங்கிப் பார்த்து ஹாரன் அடித்தது. கேன்காரர் ரோட்டின் நடுவிலேயே, தண்ணீர் தளும்பாத வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். மறுபடி ஹாரன்.

“வழி விடுங்க” என்றாள் மனைவி.

“பள்ளம் பாத்துப் போறேன்.”

“பள்ளமே இல்லையே.”

மூன்றாவது ஹாரனுக்குத்தான் விட்டார்.