நடைக்கூடத்தில் நின்ற தண்ணீர்

ஜன்னல் கம்பி வளைந்திருப்பதாகப் புகார் எழுதிக் கொடுத்தது நான்தான்.

அடையாறில் ஆற்றை ஒட்டிய ஒரு தெருவில் உள்ள முதியோர் குடியிருப்பில் நான் குடியேறி அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. என் அறை முதல் மாடியில். ஒரு காலை படுக்கையிலிருந்து பார்த்தபோது ஜன்னலின் நடுக் கம்பிகள் மூன்று மட்டும், யாரோ வெளியிலிருந்து நெம்பியதுபோல உள்பக்கம் வளைந்து தெரிந்தன. பராமரிப்பு ஆள் வந்து தடவிப் பார்த்தார். "கம்பி நேராத்தான் கீது மேடம். நீங்களே தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். கைக்கு நேராக இருந்தது. கண்ணுக்கு வளைந்திருந்தது.

தியாகராய நகர்ப் பள்ளி ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். அளவுகோல் இல்லாமலே கரும்பலகையில் நேர்க்கோடு போடுவேன். ஆகவே சந்தேகப்பட வேண்டியது என் கண்ணைத்தான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. இதைப் படிக்கும் யாருக்காவது கதவின் விளிம்போ தரை ஓட்டின் கோடோ அப்படி வளைந்து தெரிந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.

என் டாக்டர் நாற்பது வயதுப் பெண்மணி. பொறுமையாகப் பேசுபவர். எனக்கு வந்திருப்பது மாக்குலர் டீஜெனரேஷன் (விழித்திரையின் நடுப்பகுதி வயதால் சிதைவது, ஓரப் பார்வை மிஞ்சும், நேர் எதிரே இருக்கும் முகமும் எழுத்தும் மங்கும்) என்றார். வலது கண்ணில் முன்பே தழும்பு விழுந்துவிட்டதாம். இத்தனை நாளும் இடது கண் அதன் வேலையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. இடது கண்ணில் மிச்சமிருப்பதைக் காப்பாற்ற மாதம் ஒரு ஊசி போடவேண்டும் என்றார்.

கண்ணுக்குள்ளா ஊசி என்று எல்லோரும் கேட்கிறார்கள். மரத்துப்போக முதலில் சொட்டு மருந்து விடுகிறார்கள். வலி இல்லை, ஒரு அழுத்தம் மட்டும். பிறகு ஒரு நாள் முழுவதும் சின்னக் கருங்குமிழிகள் பார்வையில் மிதக்கும். முதல் தடவை, அவை சாம்பாரில் விழுந்த மிளகு என்று நினைத்துக் கரண்டியால் எடுக்கப் பார்த்தேன்.

இப்படிப்பட்ட குடியிருப்பில் வாழ என்ன செலவாகும் என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். சாந்தோமில் அப்பா விட்டுப்போன வீட்டின் என் பங்கைத் தம்பி அமலுக்கே கொடுத்துவிட்டு, அவன் தந்த பணத்தை இங்கே முன்பணமாகக் கட்டினேன். நான் போனபின் அதில் ஒரு பகுதி திரும்பி வரும். மாதம் முப்பத்துநான்காயிரம். அறை, மூன்று வேளைச் சாப்பாடு, கூட்டித் துடைப்பது, நர்ஸ் வந்து பிரஷர் பார்ப்பது எல்லாம் அதில் அடங்கும். இஸ்திரி தனி. மருத்துவமனைக்குத் துணைக்கு வரும் ஆளுக்கு மணிக்கணக்கில் தனி. இவை எல்லாம் கொடுத்த பிறகும் பென்ஷனில் கொஞ்சம் மிஞ்சும். ஊசிக்கு மட்டும் வங்கிச் சேமிப்பில் கை வைத்தேன்.

காலை ஆறு மணிக்குக் காப்பி வண்டி நடைக்கூடத்தில் உருண்டு வரும். ஏழரைக்கு டிபன், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. சைவச் சமையல். மீன் குழம்பு வேண்டுமென்றால் ஞாயிறு பூசை முடிந்து தம்பி வீட்டுக்குத்தான் போகவேண்டும். கல்யாணம் செய்துகொள்ளாத எனக்கு, என் பெயர் எழுதிய கதவும் அதன் சாவியும் கிடைத்தது எழுபத்தொரு வயதில் இங்கேதான். அந்தச் சாவியை நான் கழுத்துச் சங்கிலியில் ஜெபமாலைப் பதக்கத்தோடு போட்டிருந்தேன்.

நான்காவது ஊசிக்குப் பிறகு, ஒரு பிற்பகல், தூங்கி எழுந்து கதவைத் திறந்தேன். நடைக்கூடம் முழுக்கத் தண்ணீர் நின்றது.

கணுக்கால் அளவுத் தண்ணீர். அத்தனை தெளிவு. அடியில் பச்சைத் தரை தெரிந்தது. மேலே சிறிய மஞ்சள் பூக்கள், எங்கே போகிறோம் என்ற அவசரம் இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தன. குழாய் உடைந்துவிட்டதென்று கத்த வாயெடுத்தேன். அந்த நேரம் எதிர் அறைக்காரர் சக்கர நாற்காலியில் வந்தார். ஒரு சிற்றலைகூட எழவில்லை. அவர் பூக்களின் ஊடாகவே உருண்டு, "குட் ஈவினிங் டீச்சர்" என்று சொல்லிப் போனார். குனிந்து தொட்டுப் பார்த்தேன். விரல் நனையவில்லை.

அதன்பின் அடிக்கடி வந்தது. தண்ணீர் மட்டும் இல்லை. அலமாரியின் மேல்தட்டில் சாண் உயரப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நீலக் கோட்டு, உயரமான தொப்பி. நான் வேலை பார்த்த எந்தப் பள்ளியின் சீருடையும் அது இல்லை. பேசமாட்டார்கள். என்னைப் பார்ப்பதுகூட இல்லை. அமல் வந்து எதிரே உட்கார்ந்தால் அவன் முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் புகை. ஆனால் இந்தப் பிள்ளைகளின் கோட்டுப் பொத்தான்களை என்னால் எண்ண முடிந்தது. ஆளுக்கு ஐந்து.

பயந்தேன் என்று எழுதத்தான் தோன்றுகிறது. உண்மை அப்படியில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போது மனசு இளகி, ஜுரம் விட்ட மறுநாள் காலைபோல லேசாக இருக்கும். அவை மறைந்த பிறகுதான் பயம் வரும். புத்தி பிசகுகிறதா? எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: மனக்குழப்பம் காணப்படுபவர்கள் மூன்றாம் மாடிக்கு மாற்றப்படுவார்கள். அங்கே ஓர் அறைக்கு இரண்டு பேர். கதவு வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். மாதம் ஐம்பத்தெட்டாயிரம், என் பென்ஷனுக்கு எட்டாத தொகை. யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

கண்டுபிடித்தது தேவி. எங்கள் மாடியைக் கூட்டித் துடைப்பவள். ஆற்றோரக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே மாற்றப்பட்ட குடும்பம். இரண்டு பஸ் மாறி வருவாள். ஒருநாள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"இன்னா டீச்சர், தண்ணியில போறா மாதிரி பொடவைய தூக்கிகினு போறீங்க?"

கையைப் பார்த்தேன். கொசுவத்தை முழங்கால்வரை தூக்கிப் பிடித்திருந்தேன்.

"நான் ஈரமே போடலியே. காஞ்சிதானே கீது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க ஊட்டுக்குள்ள ஆத்துத் தண்ணி பூந்தப்ப நாங்க இப்டித்தான் நடந்தோம். காலைத் தூக்காம, தேச்சிகினு. உனுக்குத் தண்ணி தெரியுதா டீச்சர்?"

அதுவரை என்னை 'நீங்க' என்றே கூப்பிட்டவள். அந்த 'உனுக்கு' என்ற சொல்லில் நான் உடைந்துவிட்டேன். தெரிகிறது என்றேன். பூ மிதக்கிறது என்றும் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "பூவா? எங்களுக்கு வந்ததுல பாம்புதான் மெதந்துச்சு" என்றாள். "நான் சொல்ல மாட்டேன். ஆனா நீ டாக்டராண்ட சொல்லு. பொடவைய தூக்காம நட, மத்தவங்க பாக்கப் போறாங்க." அன்றிலிருந்து நான் நடைக்கூடத்தில் இறங்கும்போது பக்கத்தில் இருந்தால், "காஞ்சிதான் கீது, வா" என்பாள்.

ஆனாலும் நான் டாக்டரிடம் சொல்லவில்லை. அடுத்த ஊசிக்குப் போனபோதும் வாயைத் திறக்கவில்லை.

மாட்டிக்கொண்டது சாப்பாட்டுக் கூடத்தில். தட்டோடு வந்தபோது என் நாற்காலியில் சிவப்புத் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நிஜமில்லை என்று தெரியும். தெரிந்தும் ஒரு மனிதர் மடியில் எப்படி உட்காருவது? நின்றேன். மேலாளர் அம்மாள் வந்தார்.

"ஏன் மேடம் நிக்கறீங்க? உக்காருங்க."

"அங்க ஒருத்தர் இருக்காரே" என்று சொல்லிவிட்டேன்.

சுற்றிலும் கரண்டிச் சத்தம் நின்றது.

மறுநாள் அமலை வரவழைத்தார்கள். மேலாளர் நல்லவர்தான், குரல் தணிவாகத்தான் பேசினார். "சார், அவங்க பாதுகாப்புக்காகச் சொல்றேன். இல்லாத ஆளைப் பாக்கறாங்க. படியில விழுந்தா யார் பொறுப்பு? மூணாவது மாடிக்கு மாத்திடலாம்."

அமல் என் பக்கம் திரும்பினான். "அக்கா, எங்ககூட வந்துடேன். ஹால்ல ஒரு கட்டில் போட்டுடறேன். இதெல்லாம் உனக்கு எதுக்கு?"

அவன் அன்பாகத்தான் சொன்னான். ஹாலில் ஒரு கட்டில். நான் கழுத்துச் சாவியைப் பிடித்துக்கொண்டேன். "டாக்டர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்றேன். ஒரு வாரம் கொடுத்தார்கள்.

அந்த வாரமே அமலோடு போய், டாக்டர் அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர், பூக்கள், ஐந்து பொத்தான், தலைப்பாகை. சொல்லச் சொல்ல அமலின் மூச்சு மாறுவது கேட்டது. டாக்டர் மட்டும் அவசரப்படாமல் கேள்வி கேட்டார்.

"அவங்க ஏதாவது பேசறாங்களா?"

"இல்ல."

"நிஜம்னு நினைக்கறீங்களா?"

"இல்ல டாக்டர். முதல் நாள் மட்டும் தொட்டுப் பார்த்தேன்."

"அப்ப உங்க மூளை நல்லாவே இருக்கு" என்றார். "கண்ணுலேர்ந்து சேதி வரலைன்னா மூளை சும்மா இருக்காது. காலியா இருக்கற இடத்துல அதுவே படம் போட்டுக்கும். உங்களை மாதிரி பாத்தவங்க நிறைய பேர் இந்த நாற்காலியில உக்காந்திருக்காங்க. பைத்தியம்னு சொல்லிடுவாங்களோன்னு வாயைத் திறக்க மாட்டாங்க, அவ்வளவுதான்."

இதற்கு சார்லஸ் போனே சிண்ட்ரோம் (பார்வை குறைந்தவர்களுக்கு இல்லாத காட்சிகள் தெரிவது, மனநோயோ மறதி நோயோ இல்லை) என்று பெயர். ஞாபகத்தைச் சோதிக்கும் பரிசோதனையும் செய்யச் சொன்னார், வேறு எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்த. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். ஒரு மூச்சில் இரண்டு வரை கழித்து நிறுத்தினேன். பரிசோதித்த பையன் "போதும் மேடம், அஞ்சு தடவை கழிச்சாலே போதும்" என்றான். படம் தொந்தரவு செய்தால் விளக்கைப் போடுங்கள், கண்ணை இடம் வலம் வேகமாக உருட்டுங்கள், எழுந்து நடங்கள் என்று டாக்டர் சொல்லிக் கொடுத்தார். எனக்குப் பாதி நேரம் பலித்தது.

வெளியே நடைக்கூடத்து பெஞ்சில் அமல் என் கையைப் பிடித்து உட்கார்ந்தான். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா" என்றான். "சொன்னா கட்டிலைப் போட்டுடுவே" என்றேன். அவன் சிரித்தானா அழுதானா என்று பார்க்க எனக்கு முகம் தெரியவில்லை. தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது.

டாக்டரின் கடிதத்தை மேலாளர் இரண்டு முறை படித்தார். அறையை விட்டுக் கொடுக்க வேண்டாம் என்றார். படியில் இறங்கக் கூடாது, லிஃப்ட்டில்தான் போகவேண்டும் என்றும், வெளியே போனால் துணை கட்டாயம் என்றும் நிபந்தனை போட்டார். மாதச் செலவு கொஞ்சம் கூடியது. ஞாயிறு பூசைக்கு ஆட்டோவில் தேவியே துணைக்கு வர ஏற்பாடாயிற்று. அந்தத் துணைப்பணம் அவள் கைக்கே போகவேண்டும் என்று நானும் ஒரு நிபந்தனை போட்டேன். முதல் ஞாயிறு அவள் அமல் வீட்டு வஞ்சிரக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்று அமலின் மனைவியிடமே சொன்னாள்.

அந்த வாரம் மத்தியானச் சாப்பாட்டின்போது எழுந்து நின்று, எனக்கு என்ன வந்திருக்கிறது என்று எல்லோருக்கும் சொன்னேன். வகுப்பில் பேசுகிற குரலில். எல்லோரும் தட்டுக்குத் திரும்பினார்கள். சிலர் மோர் வாங்கிக்கொண்டார்கள்.

மாலையில் கதவு தட்டும் சத்தம். மயிலாப்பூரிலிருந்து வந்து கீழ்த்தளத்தில் இருக்கும் அலமேலு மாமி. எண்பத்துநான்கு வயது, இரண்டு கண்ணிலும் குளுக்கோமா (கண் அழுத்த நோய்). கதவைச் சாத்தச் சொல்லி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நேக்கும் தெரியறதுடீ" என்றார். "ரெண்டு வருஷமா. சுவர் பூரா சிவப்புக் கிளி. வரிசை வரிசையா உக்காந்துண்டு, ஒண்ணு மேல ஒண்ணு. யார்கிட்டயும் மூச்சு விடலை. ஆத்துல பிள்ளைகிட்டகூடச் சொல்லலை. மேல தூக்கிண்டு போய்ப் போட்டுடுவாளோன்னு பயம்."

"இப்ப தெரியுதா மாமி?"

"உன் பீரோ பக்கம் ஒரு பத்து இருக்கு."

நான் அலமாரிப் பக்கம் திரும்பினேன். எனக்கு அங்கே எதுவும் இல்லை. ஆனால் மாமி விரல் நீட்டி ஒவ்வொன்றாகக் காட்ட, எது பெரியது, எது கழுத்தைச் சாய்த்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு வருஷம் அடக்கி வைத்ததை அவர் முக்கால் மணி நேரம் சொன்னார். அவருடைய டாக்டரிடமும் இதேபோல ஒரு கடிதம் எழுதி வாங்கினோம்.

இதெல்லாம் நடந்து இப்போது ஒன்றரை ஆண்டு ஆகிறது. ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்துவிட்டது. இடது கண் இருந்த அளவில் நிற்கிறது. படிக்க முடியாது. இதை நான் சொல்லச் சொல்ல அமலின் மகள் தட்டச்சு செய்கிறாள். காட்சிகள் குறைந்துகொண்டே வந்து, கடைசியாக வந்து இரண்டு மாதம் இருக்கும். மூளை பழகிக்கொண்டது என்கிறார் டாக்டர். அவை வராதபோது ஒரு வெறுமை இருக்கத்தான் செய்கிறது.

முன்பெல்லாம் நான் கழுத்துக்கு மேலேதான் வாழ்ந்தேன் போலிருக்கிறது. இப்போது எந்தத் தரை ஓடு சில்லென்றிருக்கும் என்று உள்ளங்காலுக்குத் தெரிகிறது. வெயில் இடது கன்னத்துக்கு வந்தால் மணி பத்து, மடிக்கு இறங்கினால் சாப்பாட்டு நேரம். நடுவில் இருக்கும் நேரம் நீளமா குட்டையா என்று அளக்கத் தோன்றவில்லை. முன்பு நாற்பது நிமிஷம் என்றால் ஒரு வகுப்பு. இப்போது அது, மாமி தான் எப்போதும் சொல்லும் புடவைக் கடைக் கதையின் பாதியில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போவது. அவர் தலையின் கனம் மெல்ல மெல்லக் கூடும். நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். தோள் மரத்துப்போகும்வரை.