கடனோடு தூங்கப் பழக்கினாள் பவானித் தாய்

பெரியபாளையத்தாளை, அந்தப் பவானித் தாயை நம்பி வாழும் அக்கா தங்கச்சிகளுக்குக் கன்னியம்மா எழுதுவது. எனக்கு ஊர் கவரைப்பேட்டை. ஸ்டேஷன் ரோட்டில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். இதை என் கையால் நானேதான் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள், மெதுவாகத்தான் வரும். படித்த பிள்ளைகளிடம் சொல்லி எழுதி வாங்கு என்றார்கள். எனக்கு நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

முந்தின வருஷம் தை மாதத்தில் என் தலையில் இடி விழுந்தது. நான் குடியிருந்தது ஓர் அறை, ஒரு அடுப்பங்கரை, பின்னால் ஒரு முருங்கை. வாடகை வீடுதான். ஆனால் கல்யாணமாகி வந்து இறங்கினது அந்த வாசலில். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வெல்டராக இருந்த என் புருஷனைக் கடைசியாகத் தூக்கிக்கொண்டு போனதும் அந்த வாசல் வழியாகத்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டை விட்டால் எனக்கு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

வீட்டு ஓனர் முனிரத்தினம் ஒரு நாள் கடைக்கே வந்துவிட்டார்.

"கன்னிம்மா, ஊட்ட வித்துடலாம்னு கீறேன். ஒரு காண்ட்ராக்டர் கேக்குறாரு. இடிச்சிட்டு வடக்கத்திப் பசங்களுக்கு வரிசையா ரூம் கட்டுவாராம். நீ இத்தினி வருசமா இருந்துகினு கீற. அதான் உன்னாண்ட மொதல்ல சொல்றேன்."

"நானே வாங்கிக்கிறேன்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "டப்பு?"

"சேத்து வெச்சது பாதி கீது. மீதிக்கு பேங்கு எதுக்குக் கீது?"

நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு பேங்குக்குப் போனேன். கடன் கொடுக்கிற இடத்தில் சங்கீதா என்று ஒரு பெண். என் பேரை, ஆதாரை எல்லாம் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள்.

"ஆயா, இதுக்கு முன்ன எங்கியாவது லோன் வாங்கிக் கீறியா?"

"பத்து பைசா வாங்குனதில்ல. தண்டல்காரன் நெழலு கூட என் கடையில பட்டதில்ல" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

"அதான் ஆயா பேஜாரு. கடன் வாங்கி ஒழுங்கா கட்டுனவங்களுக்குத்தான் ஸ்கோருன்னு ஒண்ணு ஏறும். உனுக்கு ஒண்ணுமே இல்ல. நீ நல்லவளா கெட்டவளான்னே பேங்குக்குத் தெரியாது."

எனக்கு முகம் சுண்டிப்போனது. அரிசி, உளுந்து, காய்ந்த மிளகாய் எதுவானாலும் காசை வைத்துவிட்டுத்தான் எடுப்பேன். மற்ற கடைக்காரிகள் பாக்கி சொல்லிக்கொண்டு நிற்கும்போது நான் தலை நிமிர்ந்து போவேன். அந்தப் பெருமை ஒன்றுதான் என் சொத்து. அது பேங்கில் செல்லாது என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து விளக்குக் கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். நான் யாருக்கும் தர வேண்டியதில்லை. எனக்கும் யாரும் தர வேண்டியதில்லை. அதனால் என் கதவைத் தட்ட யாருக்கும் ஒரு காரணமும் இல்லை. அதுவரை அதைப் பெருமை என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் வீடு எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கிறது என்று தெரிந்தது. நாளைக்கு நான் எழுந்திருக்காவிட்டால், ரயிலுக்குப் போகிறவர்கள் கடை மூடியிருக்கிறது என்று வேறு கடைக்குப் போவார்கள். அவ்வளவுதான்.

மறுநாள் கடையை மூடிவிட்டுப் பெரியபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். வேப்பஞ்சேலை, அதாவது உடம்பு முழுக்க வேப்பிலையைச் சேலை மாதிரி கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவதாக வேண்டுதல். வேப்பிலையை வாங்கிவிட்டேன். ஆனால் அதைத் தானாகக் கட்டிக்கொள்ள முடியாது. எல்லாருக்கும் அம்மாவோ, நாத்தியோ, மகளோ சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். நான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாரோ ஒரு அம்மா, "கூட யாரும் வர்லியா?" என்று கேட்டாள். வரவில்லை என்றேன். அவளே கட்டிவிட்டுப் போய்விட்டாள். ஊர் பேர் கூடக் கேட்கவில்லை. நான் சுற்றி வந்து, "தாயே, அந்த ஊட்ட உட்டு என்னை அனுப்பாத" என்று அழுதேன். 

அடுத்த வாரம் சங்கீதாவே கடைக்கு வந்து இட்லி கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டே வழி சொன்னாள். வளையலை வைத்துச் சின்னதாக ஒரு கடன் வாங்க வேண்டும். மாதா மாதம் தவணை தப்பாமல் கட்ட வேண்டும். கடையில் செல்போனில் காசு வாங்குகிற அட்டை மாட்டி, வருமானம் பேங்கில் தெரிய வேண்டும். இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போனால் ஸ்கோர் ஏறும். வீட்டுக் கடனுக்கு அப்புறம் எழுதலாம் என்றாள். தாய் அனுப்பின ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் சொன்ன மாதிரியே கடையில் அட்டையை மாட்டினேன், வளையலை வைத்தேன். பணம் வந்தது. அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. சோறு இறங்கவில்லை. அடுத்தவர் காசு வீட்டில் இருக்கிறது என்கிற நினைப்பு நெஞ்சில் ஆட்டுக்கல் மாதிரி உட்கார்ந்தது. முதல் தவணை வருவதற்குள் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு போய் மொத்தமாகக் கட்டி, வளையலை மீட்டுக் கையில் போட்டுக்கொண்டேன். அப்புறம் சங்கீதாவிடம் போய்க் கையை ஆட்டிக் காட்டினேன்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இன்னா ஆயா பண்ணிட்ட. ஒரு மாசத்துக்கு மாத்திர குடுத்தா, ஒரே மடக்குல முழுங்கிட்டு வந்து நிக்குறியே. மாசா மாசம் கட்டுனாத்தான ஆயா ஏறும்."

"கடன் இருந்தா தூக்கம் வரல்லம்மா."

"அப்போ ஊடு?"

வளையல் கையோடு எழுந்து வந்துவிட்டேன். அதற்குள் காண்ட்ராக்டரும் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். நான் உள்ளே இருக்கும்போதே டேப்பைப் பிடித்துச் சுவரை அளந்தார்கள்.

திரும்பவும் பெரியபாளையம் போனேன். இந்த முறை வேறு மாதிரி வேண்டிக்கொண்டேன். "தாயே, ஆயுசு பூரா கடன் இல்லாம வைன்னு உன்னாண்ட கேட்டேன். வெச்ச. இப்போ கடனோட தூங்குற தைரியத்தக் குடு." என்னை மாதிரி ஒரு வேண்டுதலை அவள் கேட்டிருப்பாளா, தெரியாது. வெட்கமாக இருந்தது.

வளையலை மறுபடி வைத்தேன். தூக்கம் பழக வேண்டுமே. அதற்காக மளிகைக் கடை காதர் பாயிடம் போனேன். பழவேற்காட்டிலிருந்து வந்து இங்கே கடை போட்டிருக்கிற குடும்பம். உளுந்தை எடுத்துக்கொண்டு, "பாய், காசு அடுத்த வெள்ளிக்கிழம தரேன்" என்றேன். 

பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா கன்னிம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? நீ பாக்கி சொல்ற."

"பழகிக்கினு கீறேன்" என்றேன். விஷயத்தைச் சொன்னேன். கடை குலுங்கச் சிரித்தார். "வட்டி கிட்டி எனக்கு ஆவாது. ஆனா பாக்கி வெக்கிறதுன்னா தாராளமா வெச்சிக்க" என்றார்.

அதிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி பாக்கி கொடுக்கப் போவேன், புதுப் பாக்கியோடு திரும்புவேன். முன்னெல்லாம் காசை வைத்தோமா, சாமானை எடுத்தோமா என்று வந்துவிடுவேன். இப்போது உட்கார வேண்டியிருந்தது. பாய் சம்சாரம் டீ கொடுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சலில் போகவில்லை. சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். பாய் சம்சாரம் கஞ்சித் தூக்கோடு நின்றாள். "பாக்கி வர்லியேன்னு பாத்தேன்" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் போன பிறகு வெகுநேரம் அழுதேன். எதற்கு என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

வளையல் தவணை மாதா மாதம் போனது. முதலில் சில மாதம் தூக்கம் இல்லை. பிறகு கொஞ்சம் வந்தது. பிறகு தேதி வருவதே தெரியாமல் தூங்கினேன். தாய் கொடுத்த தைரியம் என்றுதான் சொல்வேன். என் குணத்துக்கு அது என்னால் வந்ததாக இருக்க முடியாது.

காண்ட்ராக்டர் ஏன் அதுவரை வாங்கவில்லை என்று கேட்பீர்கள். வீடு முனிரத்தினத்தின் அப்பா பேரில் இருந்திருக்கிறது. சூளூர்பேட்டையில் இருக்கிற தங்கச்சியும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். அண்ணன் தங்கச்சிக்குள் பேச்சு வார்த்தை இல்லை. இவர் போய் நின்றால் அவள் கதவைச் சாத்திக்கொள்வாளாம். காண்ட்ராக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடம் போய்விட்டார். முனிரத்தினம் என் கடையில் உட்கார்ந்து அவளைத் திட்டுவார். நான் இட்லி வைத்துவிட்டுத் தாயை நினைத்துக்கொள்வேன். அவருக்குத் தடை. எனக்கு அதுதான் அவகாசம்.

மறு வருஷம் ஆடி கழிந்து அந்தத் தங்கச்சி தானாகவே வந்தாள். மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வேண்டுமே, அதற்குப் பத்திரிகை வைக்க வந்தவள் கையெழுத்தும் போட்டாள். அதே மாதம் சங்கீதா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஏறிடுச்சி ஆயா. இப்போ பேங்குக்கு உன்னைத் தெரியும்" என்றாள். கையெழுத்தும் ஸ்கோரும் ஒன்றாக வந்து நின்றன. இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. எனக்கு வயசாகிவிட்டதால் ஜாமீனுக்கு ஒருவர் கையெழுத்து கேட்டார்கள். மகன் உண்டா, மருமகன் உண்டா என்றார்கள். இல்லை இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெள்ளிக்கிழமை பாக்கி கொடுக்கும்போது வாய் தவறி அதைச் சொல்லிவிட்டேன். காதர் பாய் சட்டையை மாட்டிக்கொண்டு, "எங்க போடணும், வா" என்றார்.

இப்போது வீடு என் பேரில் இருக்கிறது. முருங்கையும் என்னுடையது. தனியாகத்தான் இருக்கிறேன், அதை மறைக்கவில்லை. கடையில் செல்போன் வழியாகக் காசு வந்தால் இவ்வளவு வந்தது என்று பேசுகிற பெட்டியைச் சாயங்காலம் துணைக்கு வீட்டுக்குக் கொண்டு வந்து வைக்கிறேன். மழையில் கடை போடாத நாளில் அதுவும் பேசாது. ஆனால் மாதம் பிறந்தால் பேங்குக்கு என் ஞாபகம் வரும், வெள்ளி வந்தால் பாய் வீட்டுக்கு வரும். அது போதும் என்று தூங்குகிறேன்.

என்னை மாதிரி யாரிடமும் கை நீட்டாமல் இருந்து, கேட்கிற நாளில் வாய் வராமல் நிற்கிறவர்கள் இருப்பீர்கள். முதலில் தாயிடம் கேளுங்கள். அவள் ஆளை அனுப்புவாள், அனுப்பின ஆளை உள்ளே விடுங்கள். மாதத்தில் முதல் ஞாயிறு நான் கோயிலுக்குப் போகிறேன், வேப்பிலை விற்கிற இடத்தில்தான் நிற்பேன். கூட யாரும் வரவில்லையே என்று திரும்பிப் போய்விடாதீர்கள். நான் கட்டிவிடுகிறேன்.