ஒன்பது மணிக்கு முந்தைய வேலை

செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்குச் சாவியக்காவின் மகள் எனக்குப் போன் செய்தாள்.

"கிளார்க்கம்மா, அம்மா தவறிட்டாங்க. உங்க ஸ்கூல் மாடிப்படியில."

பள்ளி மைதானத்தில் தினமும் நடக்க வரும் பெரியவர் ஒருவர், குழாய் திறந்து கிடந்து தண்ணீர் முற்றம் வரைக்கும் ஓடி வருவதைப் பார்த்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், படி திரும்புகிற இடத்தில், அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். வாளியைக் கீழே பதமாக வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார். வாளித் தண்ணீர் சிந்தவில்லை. மாரடைப்பு என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தார்கள்.

எங்கள் பள்ளியில் அவர் இருபத்தாறு வருடம் அலுவலக உதவியாளராக இருந்தார். கணவர் கல்வித் துறையில் ஜீப் ஓட்டியவர். அவர் விபத்தில் இறந்த பிறகு, பெரியவனுக்கு நான்கு வயதும் சின்னவளுக்கு ஏழு மாதமுமாக இருந்தபோது, கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. நியமன ஆணையை நானே பலமுறை கோப்பில் பார்த்திருக்கிறேன். அதில் இருப்பது நாலே வேலை. கோப்பு எடுத்துக் கொடுப்பது, தபால் கொண்டுபோவது, மணி அடிப்பது, அறைகளைத் திறந்து பூட்டுவது. அந்தக் கடைசி வேலையால்தான் சாவியக்கா என்ற பெயர் வந்தது. வளையத்தில் முப்பத்தொரு சாவி. எதிலும் அடையாளம் கிடையாது, எல்லாம் விரலுக்குத் தெரியும்.

"எந்தக் கதவுக்கு எதுன்னு எழுதி ஒட்டி வைங்களேன், அக்கா" என்று ஒருமுறை சொன்னேன்.

"எழுதி ஒட்டிட்டா அப்புறம் என்னை எதுக்குடி வெச்சிருக்கப் போறாங்க?"

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆசிரியர் அல்லாத ஊழியர்கள் பதினொரு பேர் இருந்தோம். ஓய்வு பெற்றுப் போனவர்களின் இடத்துக்கு யாரும் வரவில்லை. தோட்டக்காரர் போனதும் செடிகளுக்கு அக்கா தண்ணீர் ஊற்றினார். ஆய்வக உதவியாளர் போனதும் குடுவைகளை அக்கா கழுவினார். கடைசியாகத் துப்புரவு ஊழியர்கள் இரண்டு பேரும் ஆறு மாத இடைவெளியில் போனார்கள். "புது ஆள் வர்ற வரைக்கும் பாத்துக்கறேன்" என்று துடைப்பத்தை எடுத்தவர், நாலு வருடம் அதைக் கீழே வைக்கவில்லை. செய்யுங்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பள்ளி ஊழியர் சங்கத்தின் கிளைச் செயலாளர் நான். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

இந்த வருட பட்ஜெட்டில் அரசு கல்விக்கான தொகையை வெட்டியது. காலியாக இருக்கும் இடங்கள் உண்மையிலேயே தேவையா என்று ஒவ்வொரு பள்ளியிலும் அதிகாரிகள் இரண்டு வாரம் உட்கார்ந்து பார்ப்பார்கள், தேவையில்லை என்று எழுதினால் அந்த இடமே ரத்து, இனிமேல் காலியாகும் இடங்கள் தாமாகவே ரத்து என்று ஆணை வந்தது. எங்கள் பள்ளிப் பட்டியலில் அந்த இரண்டு துப்புரவு இடங்கள் இருந்தன.

சங்கம் கூடி ஒரு முடிவெடுத்தது. நியமன ஆணையில் உள்ள வேலையை மட்டும், ஒன்பதிலிருந்து நான்கு வரை மட்டும் செய்வது. அடுத்தவர் வேலை கிடந்தால் கிடக்கட்டும், கிடப்பதை அதிகாரிகள் கண்ணால் பார்க்கட்டும். சட்டமன்றத்தில் பட்ஜெட் ஓட்டெடுப்பு முடியும் வரை இப்படி. எங்கள் கிளைக்கான சுற்றறிக்கையை நான்தான் எழுதினேன். ஓய்வறையில் அதைப் படித்து முடித்ததும் அக்கா எழுந்தார்.

"செயலாளர் மேடத்துகிட்ட ஒரு சந்தேகம். கக்கூஸ் நாறினா அதிகாரி மூக்கப் பொத்திக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போயிடுவாரு. புள்ளைங்க எங்க போகும்?"

"ரெண்டே வாரம்தான்கா. நாறணும். நாறினாத்தான் ஆள் வேணும்னு எழுதுவாங்க."

"கூலிக்குச் சங்கம் வெச்சுப் பாத்திருக்கேன், நாத்தத்துக்குச் சங்கம் வெச்ச மகராசி நீதான்டி."

எல்லோரும் சிரித்தார்கள். கிளையின் ஓட்டெடுப்பில் அவரும் கை தூக்கினார்.

மூன்று அதிகாரிகள் வந்தார்கள். சரியாக ஒன்பதுக்கு வந்து நான்குக்குக் கிளம்புவார்கள். கையில் கட்டம் போட்ட தாள். முதல் இரண்டு நாள் நாற்றம் அலுவலகம் வரை வந்தது. மூன்றாம் நாள் மூன்றாவது மாடியில் நிற்க முடியவில்லை. நான் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்கப் போவதில்லை. நான்காம் நாளிலிருந்து நாற்றம் இல்லை. பிள்ளைகள் போவதைக் குறைத்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். ஏழாம் நாள் அதிகாரிகளில் ஒருவர் என் மேஜையருகே நின்று, "பரவாயில்லையே, ஆள் இல்லாமலே சுத்தமா வெச்சிருக்கீங்க" என்று பாராட்டினார்.

மறுநாள் ஆறேகாலுக்கே பள்ளிக்குப் போனேன். மாடியில் பிரஷ் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"என்னக்கா இது?"

அவர் திரும்பவில்லை. "ஒன்பது மணிக்கு மேலதான்டி நான் ஊழியர். இப்ப சும்மா வந்தவ."

"அன்னிக்குக் கை தூக்கினீங்களே!"

"தூக்கினேன். மூணாம் நாள் மத்தியானம் ஏழாவது படிக்கற பொண்ணுங்க நாலு பேரு வீட்டுக்குப் போச்சுங்க. அதுல ரெண்டு இன்னும் திரும்பி வரல. தெரியுமா உனக்கு?"

"அதைக் கணக்கெடுக்கத்தான் அவங்க வந்திருக்காங்க!"

"எடுக்க மாட்டாங்க. தபால் குடுக்கப் போனப்ப அந்தத் தாளப் பாத்தேன். தரை, சுவரு, குழாய்னு கட்டம் இருக்கு. வீட்டுக்குப் போன பொண்ணுக்குக் கட்டம் இல்ல."

எனக்கு அப்போது அது காதில் ஏறவில்லை. "நீங்க செய்யறது காட்டிக்கொடுக்கற வேலை, அக்கா" என்றேன். அவர் பிரஷ்ஷை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரை ஊற்றினார்.

அதன் பிறகு ஒன்பது நாள் நான் அவரோடு பேசவில்லை. கோப்பைக் கொண்டுவந்தால், "வெச்சுட்டுப் போங்க" என்பேன், நிமிராமல்.

அறிக்கை வந்தது. 'இரு பணியிடங்கள் நான்கு ஆண்டுகளாகக் காலியாக இருந்தும் தூய்மை குறைவின்றிப் பேணப்படுகிறது. இவை தேவையில்லை.' மறுப்புத் தெரிவிக்கப் புதன்கிழமை வரை நேரம் கொடுத்திருந்தார்கள். சங்கத்தின் மாவட்டச் செயலாளரிடம் போனில் கேட்டேன்.

"அவங்க பாத்தது ஒன்பதுலேருந்து நாலு வரைக்கும்" என்றார். "அதுக்கு முன்னாடி யாரு, என்னென்ன வேலை செஞ்சாங்கன்னு செஞ்சவங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டா அறிக்கை நிக்காது. ஆனா அனுமதியில்லாம காலைல ஸ்கூலத் திறந்தாங்கன்னு அவங்க மேல நடவடிக்கை வரலாம். யோசிச்சுக்கங்க."

அக்கா ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருந்தது. வாயில் வந்ததைப் பேசிவிட்டு, எந்த முகத்தோடு போய்க் கையெழுத்துக் கேட்பது என்று இரண்டு நாளைக் கடத்தினேன். திங்கட்கிழமை மூன்று மணிக்கு அவரே என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நான் எழுதிக் குடுத்தா ரெண்டு ஆள் போடுவாங்களா?"

"இடம் ரத்தாகாது. ஆனா உங்க மேல நடவடிக்கை எடுக்கலாம்கா."

"என்ன நடவடிக்கை? சீக்கிரம் வந்ததுக்குத் தூக்குல போடுவாங்களா? வருசம் பூரா லேட்டா வர்றவங்கள ஒண்ணும் பண்ணல." பிறகு என் முகத்தைப் பார்த்து, "இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. நீ பேசாத ஒன்பது நாளும் காது நல்லா ஓய்வெடுத்துச்சு" என்றார்.

நான் கணினியில் அடிக்க, அவரைச் சொல்லச் சொன்னேன். காலையில் செய்கிற வரிசையிலேயே சொன்னார். ஐந்தே காலுக்குக் கேட்டைத் திறப்பது. மோட்டார் கெட்டுப்போய் எட்டு மாதம் ஆகிறது, அதனால் கீழ்க்குழாயில் பிடித்து மூன்று மாடிக்கும் வாளியில் தண்ணீர் ஏற்றுவது. பெண் பிள்ளைகள் கழிப்பறையில் நாப்கினைச் சுற்றிப் போடப் பழைய செய்தித்தாளைத் துண்டாக வெட்டி வைப்பது. உடைந்த தாழ்ப்பாளுக்குக் கயிறு கட்டுவது. கழிவுநீர்க் குழியில் அடைத்த சாக்பீஸ் துண்டுகளைக் கையால் எடுப்பது. பலவற்றை நான் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். பேச்சுக்கு நடுவே அவருக்கு மூச்சு வாங்கியது.

"என்னக்கா?"

"படிதான். மேல ஏறி இறங்கினது." நான் அடுத்த வரிக்குப் போனேன்.

"இருடி, முக்கியமான ஒண்ண விட்டுட்டேன்" என்று அவர் ஆரம்பித்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு. சட்டமன்ற ஓட்டெடுப்பு முடியாததால் சங்கத்தின் முடிவு இன்னும் நடப்பில் இருந்தது. நானே எழுதிய சுற்றறிக்கை, நானே மீறக் கூடாது.

"நாலாயிடுச்சுக்கா. மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம். முடிச்சுட்டு மொத்தமா கையெழுத்துப் போடுங்க."

"செயலாளர் சொல்லிட்டா சரி" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நீண்ட மணி அடித்தார். முப்பத்தொரு சாவியையும் எடுத்துக்கொண்டு பூட்டப் போனார்.

புதன்கிழமை அந்தத் தாளைக் கையெழுத்து இல்லாமலே மறுப்போடு இணைத்து அனுப்பினேன். கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு இடங்களும் ரத்தாயின. அக்கா இறந்ததால் மூன்றாவதாக ஒரு இடம் காலியானது. அதே ஆணைப்படி அதுவும் ரத்தானது. மூன்றாம் மாடிக் கழிப்பறையைத் தலைமை ஆசிரியர் பூட்டச் சொல்லிவிட்டார்.

போன வாரம் மகள் அலுவலகத்துக்கு வந்தாள். துறையிலிருந்து வந்த கடிதத்தை என் முன்னால் வைத்தாள். வேலை நேரத்துக்கு முன்னால், அவருக்கு ஒதுக்கப்படாத இடத்தில் நேர்ந்ததால், இது பணியின்போது ஏற்பட்ட மரணம் ஆகாது என்று இருந்தது.

"அப்ப எங்கம்மா அங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்கன்னு எழுதியிருக்காங்க, கிளார்க்கம்மா?"

அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. திரும்பி வந்த தாளை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தாள். அதில் பதினாறு வேலைகள் இருக்கின்றன. அதற்குக் கீழே பதினேழு என்று அடித்துப் புள்ளி வைத்திருக்கிறேன். அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.